எழுபத்திரண்டாயிரம் ரூபாய்க் குடும்பம்

என் மனைவியின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, அதை எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும் என்று மதுரை டாக்டர் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு சார் ஆகும்?" பிழைப்பாளா என்பதை இரண்டாவதாகத்தான் கேட்டேன். டாக்டர் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் அந்த வரிசையில்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார்.

அவர் சொன்ன தொகைக்கு, திண்டுக்கல்லில் வீட்டின் முன்பகுதியில் நான் நடத்தும் சின்ன அச்சகத்தை மெஷினும் பேப்பருமாக அப்படியே விற்றாலும் பாதிதான் தேறும். மீதிப் பாதிக்கு நான் எழுதும் நகைச்சுவைக் கட்டுரைகளை விற்கலாம். அதற்குப் பழைய பேப்பர் கடைக்காரர் ஏற்கெனவே ஒரு விலை சொல்லியிருந்தார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு டாக்டரே கேட்டார். "அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன, அதுலயே பண்ணிரலாம். ஆனா ரெண்டு மாசத்துக்குள்ள பண்ணிரணும். அதுக்கு மேல தள்ளுறது நல்லதில்ல."

என் மனைவி பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ அடுத்த வீட்டுக்காரிக்கு நடக்கப்போவதைக் கேட்பது போல உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள். "வால்வுன்னா, நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு மாத்துனீங்களே, அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"அது மாத்துன பெறகும் ஒழுகுச்சே."

நான் சிரித்தேன். சிரிப்பு எழுதுகிறவன் சிரிக்காவிட்டால் அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் சிரித்தாள். அவள் எதற்காகச் சிரித்தாள் என்று அப்போது யோசிக்கவில்லை.

அட்டையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குறைந்த வருமானம் உள்ள குடும்பங்களுக்கான அட்டை அது. வாங்குவதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். எங்கள் சான்றிதழில் ஆண்டு வருமானம் ரூபாய் எழுபத்திரண்டாயிரம். அந்த எண்ணை நான் சொல்லவில்லை. விண்ணப்பம் எழுதிக்கொடுத்தவர், டீக்குச் சர்க்கரை போடட்டுமா என்கிற தொனியில், "எழுபத்திரண்டு போட்டுக்கிருவமா?" என்றார். நான் "போடுங்க" என்றேன். ஐந்து விநாடி வேலை. கல்யாணப் பத்திரிகை, பிள்ளைகளின் புதுநன்மை விழா அட்டை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மூன்றையும் அடித்து நான் சம்பாதிப்பது அதைவிடக் கட்டாயம் அதிகம். எவ்வளவு அதிகம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. முகூர்த்த மாதத்தில் நான் பணக்காரன், கல்யாணமே நடக்காத தவக்காலத்தில் ஏழை. நகைச்சுவைக் கட்டுரைகளுக்கு வரும் பணத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைப் பணம் என்று சொன்னால் பணம் வருத்தப்படும்.

ஆக, என் மனைவியின் உயிர் அந்த அட்டையில் இருந்தது. அந்த அட்டை அந்தப் பொய்யில் இருந்தது. மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. ஜன்னலோரம் அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். அட்டை இருக்கிறது, கடவுள் இருக்கிறார் என்ற இரட்டை நிம்மதியில் நானும் தூங்கினேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் ஒரு பெண் வந்தாள்.

முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை, கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. பேச்சிலேயே ஒட்டன்சத்திரம் பக்கம் என்று தெரிந்தது. "வணக்கமுங்கண்ணா. மத்திய அரசோட குடும்பச் செலவுக் கணக்கெடுப்புங்க. நாடு பூராம் எடுக்கறமுங்க. இந்தப் பகுதியில உங்க வீடு சேம்பிள்ல விழுந்திருக்குதுங்க."

வாழ்நாளில் எந்தக் குலுக்கலிலும் என் பெயர் விழுந்ததில்லை. மாதா கோயில் பங்குத்திருவிழாவில் பிளாஸ்டிக் குடத்துக்குக்கூட விழுந்ததில்லை.

"என்னம்மா கேப்பீங்க?"

"என்னென்ன வாங்கறீங்க, எவ்வளவு சாப்பிடறீங்க, எதுக்கு எவ்வளவு செலவாகுது, அம்புட்டுந்தானுங்க. மூணு மாசம், மாசத்துக்கு ஒருக்கா வருவனுங்க. மொதல்ல சாப்பாட்டுச் சாமான், அடுத்த தடவ ஆசுபத்திரி, படிப்பு, கரண்டு, போன். கடைசியா துணிமணி, சாமான் செட்டு."

"வருமானம்?"

"அதெல்லாங் கேக்க மாட்டமுங்க. செலவு மட்டுந்தானுங்க."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். எனக்கு அங்கேதான் பயம் பிடித்தது. வருமானத்தைக் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் முத்திரை குத்திய பொய் ஒன்று இருந்தது. செலவைக் கேட்டால்? மாதம் ஆறாயிரம் வருமானமுள்ளவன் மாதம் இருபதாயிரத்துக்குச் சாப்பிடுகிறான் என்று டில்லிக்குத் தெரிந்தால்? டில்லியிலிருந்து சென்னைக்கு ஒரு தகவல் போக எவ்வளவு நேரம் ஆகும்? அங்கே யாரோ ஒரு பட்டனைத் தட்டுவார்கள். மதுரையில் ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பவளை, "எந்திரிம்மா, உன் அட்டை செல்லாது" என்று எழுப்பிவிடுவார்கள். இந்தக் காட்சி முழுதாக, வண்ணத்தில், எனக்குத் தெரிந்தது. எழுதுகிறவனுக்குக் கற்பனை இருப்பது நல்லது என்கிறவர்கள் என் இடத்தில் அன்று நின்று பார்த்திருக்க வேண்டும்.

"நாளன்னைக்கு வாங்கம்மா, வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்ல" என்று அனுப்பிவிட்டு, செம்பட்டியில் தேங்காய் வியாபாரம் செய்யும் மைத்துனனுக்குப் போன் போட்டேன். மனைவிக்குத் தம்பி. எந்த அரசு விஷயத்திலும் அவனுக்கு ஒரு வழி தெரியும். அது பெரும்பாலும் தப்பான வழியாக இருக்கும். ஆனால் தெம்பாகச் சொல்வான்.

மறுநாள் காலையில் வந்து இறங்கினான். வந்ததும் வீட்டைச் சுற்றி, ஜப்தி செய்ய வந்தவன் மாதிரி ஒரு பார்வை பார்த்தான்.

"மாமா, மொத வேல, அந்தப் பிரிட்ஜத் தூக்குங்க."

"அது நம்மப்பா சீராக் குடுத்ததுலே" என்றாள் அவன் அக்கா.

"அப்பா குடுத்தா என்ன, பெரிய மாதா கோயில்ல குடுத்தா என்ன? எழுவத்திரண்டாயிரத்துக்காரன் வீட்டுல எதுக்கு ரெண்டு கதவு பிரிட்ஜு?"

இருவருமாகப் பிரிட்ஜை அச்சகத்துக்குள் தள்ளி, பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் நிறுத்தி, மேலே ஒரு பழைய பிளக்ஸைப் போர்த்தினோம். யாரோ ஒருவருடைய பூப்புனித நீராட்டு விழா. அன்றிலிருந்து தயிர் வேண்டுமென்றால் நான் அந்தப் பெண்குழந்தையின் முகத்தை விலக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"அடுத்தது, நீங்க கத எழுதுறவருதான? ஆறாயிரத்துக்குள்ள குடும்பம் நடத்துற மாதிரி ஒரு கத எழுதுங்க. அக்காவும் நீங்களும் மனப்பாடம் பண்ணிக்கங்க. அந்தப் புள்ள கேட்டா ஒண்ணு மாத்தி ஒண்ணு சொல்லக் கூடாது."

எழுதினேன். உட்கார்ந்து, கோடு போட்ட தாளில், வாழ்க்கையில் இதுவரை எழுதியதிலேயே மிகுந்த அக்கறையோடு எழுதினேன். அரிசி ரேஷன். பருப்பு ரேஷன். எண்ணெய் அரை லிட்டர். காய் என்றால் கத்தரிக்காய், அதுவும் விலை இறங்கும்போது. கறி, மீன், கோழி இல்லை. பழம் இல்லை. சினிமா இல்லை. முடித்து வாசித்துப் பார்த்தபோது எனக்கே அந்தக் குடும்பத்தின் மேல் இரக்கம் வந்தது. மைத்துனன் வாசித்துவிட்டு, "நல்லா வந்துருக்கு மாமா, அழுகாச்சி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றான். விமர்சனம் சரியானதுதான்.

என் மனைவி அதை வாங்கி ஒருமுறை பார்த்தாள். "கறி இல்லன்னு எழுதிருக்கீங்க."

"ஆமா."

"ஒரு நாளுமா?"

"இங்கேரு, ஒன் ஆபரேசன் முக்கியமா, கறி முக்கியமா?"

அவள் தாளை மடித்து மாதா சுருபத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள்.

அந்தப் பெண் சொன்ன நாளில் வந்தாள். நல்ல வெயில். மோர் கொடுத்தோம். டேப்லெட்டைத் திறந்து ஆரம்பித்தாள். முப்பது நாளில் அரிசி எவ்வளவு, அதில் ரேஷன் எவ்வளவு, கடையில் எவ்வளவு. கோதுமை, ரவை, சேமியா. ஒவ்வொன்றுக்கும் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். என் குரல் எனக்கே பிரசங்கம் போலக் கேட்டது. அவள் தலையை ஆட்டி ஆட்டித் தட்டிக்கொண்டே போனாள். மனைவி என் பக்கத்தில், முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"போன ஏழு நாள்ல ஆட்டுக்கறி வாங்குனீங்களா?"

"இல்ல."

"கோழிங்க?"

"இல்ல."

"மீனு? கருவாடு?"

"இல்லம்மா. கட்டுப்படியாகல."

அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சந்தேகமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. அவள் பார்த்தது பரிதாபமாக. பிறகு மெதுவாகத் திரும்பி, அதே பரிதாபத்தோடு என் மனைவியைப் பார்த்தாள். அங்கேதான் என் கதை கெட்டது.

"இந்தாம்மா" என்றாள் என் மனைவி. "அவரு சொல்றத எழுதாத. எங்க வீட்டுல ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு கறி எடுக்காம வந்ததே கெடையாது. கல்யாணமாயி இருபத்தாறு வருசம். தவசு நாளு தவிர ஒரு வாரம் வுட்டதில்ல. முக்காக் கிலோ. நெஞ்செலும்போட. ஈரல் தனியா. எழுதிக்க."

"ஏம்மா..." என்றேன் நான்.

"நீங்க சும்மா இருங்க. ஊரு நாட்டுல போய், திண்டுக்கல்லுல ஒருத்தி புருசனுக்குக் கறியாக்கிப் போட வக்கில்லாம இருக்கான்னு சொல்லவா? எங்கம்மா காதுல விழுந்தா நாண்டுக்கிரும்."

அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரிதான். நெய் எவ்வளவு, முந்திரி எவ்வளவு, சிறுமலை வாழைப்பழம் எத்தனை. மகள் தலைப்பிரசவத்துக்கு முன்னால் திருப்பூரிலிருந்து வந்திருந்தபோது செய்த பலகாரம். வாங்காததையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. பாதாம் பருப்பு எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தது? அந்தப் பெண் தட்டிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தட்டலும் எனக்கு அந்த அட்டையில் ஒரு ஓட்டை விழுகிற சத்தமாகக் கேட்டது. நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தேன். எட்டாயிரத்தில் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் கூட்டத் தைரியம் இல்லை.

கடைசியில் அந்தப் பெண், "இன்னொண்ணு மட்டுமுங்க. ஒவ்வொருத்தரும் தெனம் எத்தன வேள சாப்புடறீங்கன்னு பதியோணும். அண்ணா?"

"மூணு வேள" என்றாள் மனைவி எனக்காக. "நடுவுல ரெண்டு வட."

"நீங்க, அக்கா?"

"ரெண்டு."

"ரெண்டுங்களா?"

"ராத்திரி சாப்புடறதில்ல."

நான் அவளைப் பார்த்தேன். ராத்திரி நான் அச்சகத்தைச் சாத்திவிட்டு வர ஒன்பது ஆகும். தட்டு தயாராக இருக்கும். "நீ?" என்று கேட்பேன். "நான் அப்பவே சாப்ட்டேன்" என்பாள். எத்தனை மாதமாக?

"எதனாலீங்கக்கா? விரதமுங்களா?"

"இல்லம்மா. சாப்ட்டுட்டுப் படுத்தா மூச்சு முட்டுது. வயிறு காலியா இருந்தாச் செத்த நேரம் தூங்கலாம். அந்தக் கறியும் அவருக்குத்தேன். டாக்டரு உப்புச் சேக்கக் கூடாதுன்னுட்டாரு. உப்பில்லாம கறிய எப்பிடித் திங்கிறது, அது தப்பு."

அந்தப் பெண் இரண்டு என்று தட்டினாள். சத்தமே வரவில்லை.

முக்கால் கிலோவையும் வாராவாரம் தனியொருவனாகத் தின்றுகொண்டிருந்தது நான். இதைக் கண்டுபிடிக்க டில்லியிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது குழம்புச் சட்டியை எட்டிப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒரே வீட்டில், எட்டடி தூரத்தில், ஒருத்தி படிப்படியாக மூச்சைக் குறைத்துக்கொண்டு வருகிறாள். நான் அவள் அட்டையைக் காப்பாற்றப் பிரிட்ஜைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

ஆனாலும் மனிதனுக்குத் தெரிந்த பயம்தான் வசதி. வால்வைப் பற்றிப் பயப்பட எனக்கு வழி தெரியவில்லை. அட்டையைப் பற்றிப் பயப்பட நிறைய வழி தெரிந்தது. அடுத்த ஒரு மாதமும் அதையே செய்தேன். மைத்துனன் தினமும் போன் செய்து உதவினான்.

"அக்கா கறிக்குப் பெருமப்பட்டு காரியத்தக் கெடுத்துருச்சு மாமா. எங்க பக்கம் ஒருத்தருக்கு இப்பிடித்தேன், எதையோ கேட்டுட்டுப் போனாக, ரேசன் கார்டுல அரிசி போயிருச்சு."

"யாருக்குலே?"

"ஒருத்தருக்கு."

"பேரு?"

"பேரு தெரியாது. நடந்தது நெசம்."

நான் அந்த ஒருத்தருக்காக ஜெபமாலை சொன்னேன். யாராவது வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினால் எழுந்து நின்றேன். தபால்காரர் பழுப்புக் கவரோடு வந்த அன்று கையெழுத்தைத் தப்பான கட்டத்தில் போட்டேன். உள்ளே, ஒரு பத்திரிகை என் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தது. கட்டுரை திரும்பி வந்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒரே எழுத்தாளன் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாம் முறை அந்தப் பெண் வந்தபோது மருத்துவச் செலவு கேட்டாள். ஈசிஜி, எக்கோ, மாத்திரை, மதுரைக்கு பஸ். எல்லாவற்றையும் மனைவியே சொன்னாள், பில்லை எடுத்து வைத்துக்கொண்டு. அதற்கப்புறம் அது வந்தது.

"அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்குதுங்களா?"

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என் மனைவி எழுந்துபோய், பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த அட்டையைக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டாள். "இதுலதேம்மா ஆபரேசன். அடுத்த மாசம்."

அந்தப் பெண் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். 'ஆம்' என்று தட்டினாள். திருப்பிக் கொடுத்தாள். "நல்லபடியா நடக்குமுங்கக்கா" என்றாள்.

பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிடுகிறேன் என்று அவளோடு நடந்தேன். நூறடி தாண்டியதும் நின்றுவிட்டேன். சான்றிதழை, எழுபத்திரண்டாயிரத்தை, விண்ணப்பம் எழுதியவரை, பிரிட்ஜை, எல்லாவற்றையும் ஒப்பித்தேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. அவரிடம் சொல்லும்போது உயிர் போகும் பயம் இல்லை.

"என்னைய என்ன வேணும்னாலும் பண்ணச் சொல்லும்மா. ஆபரேசன் முடியற வரைக்கும் மட்டும் இத மேல அனுப்பாம வையி. ஒரு மாசம்."

அவள் குடையை மடக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, மொதத் தடவ நான் எடுத்தது அன்னைக்கே போயிருச்சுங்களே."

பக்கத்தில் இருந்த பெட்டிக்கடைப் பலகையில் உட்கார்ந்தேன்.

"உக்காருங்க, உக்காருங்க. பதறாதீங்க. இது எந்த வீடு, யாரு பேருன்னு ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதுங்க, சட்டமே இருக்குதுங்க. எல்லா வீட்டையும் ஒண்ணாப் போட்டுக் கூட்டித்தான் பாப்பாங்க. அட்டைக்காரங்களுக்கு நாங்க யாருன்னே தெரியாது, எங்களுக்கு அவிங்க யாருன்னே தெரியாது." குடையை மறுபடி விரித்தாள். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்டுச் சர்ட்டிபிகேட்டுலயும் எழுவத்திரண்டாயிரந்தானுங்க."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் அதை நம்பினேனா? அவள் கண்ணை நம்பினேன். கம்ப்யூட்டரை நம்பவில்லை.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னால் நானும் மைத்துனனுமாக மதுரையில் சேர்த்தோம்; திருப்பூரில் இருக்கும் மகளால் கைக்குழந்தையோடு வர முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து காப்பீட்டுக்கு அனுமதி கேட்டு அனுப்பினார்கள். மறுநாள் மத்தியானம் என் போனுக்குச் செய்தி வந்தது. விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, கூடுதல் விவரம் தேவை.

மூன்றாவது மாடியிலிருந்து கீழே காப்பீட்டுக் கவுண்டர் வரை படியில் இறங்கினேன். லிப்டுக்குக் காத்திருக்கத் தோன்றவில்லை. ஒவ்வொரு படியிலும் முக்கால் கிலோ, ஈரல் தனியா, பாதாம் பருப்பு என்று கேட்டது. கவுண்டரில் என் முன்னால் பதினோரு பேர். பதினோரு பேரும் என்னைப் போலவே ஒரு பையை நெஞ்சோடு பிடித்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்து என் முறை வந்தபோது, கேட்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டேன். "சார், அந்தக் கறி வந்து, சொந்தக்காரங்க வந்திருந்தாங்க..."

"எந்தக் கறி?" என்றார் கவுண்டரில் இருந்தவர்.

"என்ன விவரம் சார் வேணும்னு..."

அவர் திரையைப் பார்த்தார். "எக்கோ ரிப்போர்ட்டுல தேதி மங்கலா இருக்கு. மறுபடி ஸ்கேன் பண்ணி அனுப்பணும். ஒரிஜினல் இருக்கா?"

இருந்தது. ஸ்கேன் செய்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு அனுமதி வந்துவிட்டது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டு மாதமாக அதற்குத்தானே காத்திருந்தேன். வரவில்லை. மாறாக, ஒரு பெரிய சாமானை அறையிலிருந்து நகர்த்தியதும் பின்னால் சுவரில் இருக்கும் விரிசல் தெரியுமே, அப்படி ஆனது. இனி அட்டையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. நாளை மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் நெஞ்சைத் திறப்பார்கள். இதயத்தை நிறுத்துவார்கள். டாக்டர் முதல் நாளே சொன்னதுதான். அன்றைக்கு என் காதில் விலை மட்டும்தான் விழுந்தது.

அழைத்துப் போகும்போது, பச்சைத் துணிக்குள் அவள் சின்னதாகத் தெரிந்தாள். "இங்கனயே உக்காந்து பயந்துக்கிட்டு இருக்காதீங்க. பயந்தா ஒங்களுக்குப் பசிக்கும். போய் எதையாச்சும் சாப்புடுங்க."

"ஒனக்குப் பயமா இல்லையா?"

"அன்னைக்கு டாக்டரு சொன்னதுல இருந்து பயந்தேன். நீங்க அந்த அட்டையத் தூக்கிக்கிட்டு அலஞ்சீக. யாருகிட்டச் சொல்றது?"

கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஆறு மணி நேரம் கிடைத்தது.

ஆபரேஷன் முடிந்தது, நன்றாகத்தான் நடந்தது என்றார்கள். ஆனால் மூச்சுக்காக வாயில் வைத்த குழாயை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. நுரையீரலில் நீர், பார்ப்போம் என்றார் டாக்டர். டாக்டர்கள் 'பார்ப்போம்' என்று சொல்லும்போது நம்மைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்தேன். அவள் மார்பு மெஷின் சொன்னபடி ஏறி இறங்கியது. கண் மூடியிருந்தது. பிறகு காப்பீட்டுக் கவுண்டரில் ரேஷன் கார்டு அசலைக் கொண்டுவரச் சொன்னார்கள். மைத்துனனை அங்கே உட்கார வைத்துவிட்டுத் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாம் முறை. எனக்கு மறந்தே போயிருந்தது.

"அண்ணா, கதவு சாத்தியிருந்துச்சுங்க. போலாம்னு பாத்தனுங்க." என் முகத்தைப் பார்த்தாள். "அக்கா?"

"ஐசியூல இருக்கா."

"இன்னொரு நாள் வாரனுங்கண்ணா."

"இல்ல. வா. வந்த வேலைய முடிச்சிட்டுப் போ."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. காலியான வீட்டைத் தனியாகத் திறக்க முடியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. உட்கார்ந்தாள். டேப்லெட்டைத் திறந்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியுமா என்று தேடுகிறாள் என்று புரிந்தது. டேப்லெட் விடவில்லை போலிருக்கிறது.

"ஒவ்வொரு தடவையும் மொதல்ல இதக் கேட்டே ஆகோணுமுங்க. மன்னிச்சுக்கோங்கண்ணா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன தடவைக்கு அப்புறம் வீட்டு ஆளுக எண்ணிக்கையில ஏதாவது மாத்தமுங்களா?"

இரண்டு மாதமாக எத்தனை கேள்விக்குப் பயந்தேன். ஒரு நாளும் இந்தக் கேள்வியை நினைத்ததில்லை. வாயைத் திறந்தேன். 'இல்லை' என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால், சொன்னதற்காகவே ஏதாவது நடந்துவிடுமோ என்று இருந்தது. சான்றிதழில் கூசாமல் பொய் சொன்ன நாக்கு, உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் தவித்த ஒன்றைச் சொல்ல மாட்டேன் என்றது.

அவள் அவசரப்படவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று, என் வீட்டில், என்னைக் கேட்டாள்.

போன் அடித்தது. மைத்துனன். நான் எடுக்கவில்லை. மேஜையில் அது அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"எடுங்கண்ணா" என்றாள். "நான் இருக்கறனுங்க."

எடுத்தேன்.

"மாமா, எங்க இருக்கீக? கொழாய எடுத்துட்டாக. இப்பத்தேன். சொந்தமா மூச்சு விடுது. தண்ணி கேட்டுச்சு, ஒரு கரண்டிதேன் குடுக்கணும்னாக. அதுக்கு அந்த நர்சம்மாவ ஒரு வார்த்த பேசிருச்சு, நான் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன். மாமா? கேக்குதா? ஏ மாமா?"

கேட்டது. போனை மேஜையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தேன். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே பார்க்க எதுவுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பேரு" என்றேன். "மாத்தம் இல்ல."

"மாத்தம் இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே தட்டினாள். மூக்கை உறிஞ்சினாள். "அடுத்தது துணிமணிங்கண்ணா. ஒரு வருசத்துல வாங்குன சேல எத்தனைங்க?"

எழுந்துபோய் என் மனைவியின் பீரோவைத் திறந்தேன். எது இந்த வருடத்தியது, எது பழையது என்று எனக்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கட்டிலில் போட்டு எண்ண ஆரம்பித்தேன்.